ஒரு நிமிடத்துக்குக் குறைந்த நிறுத்தங்கள்

"இங்க ஒண்ணு, கீழ ஒண்ணு" என்று பிணவறை ஊழியர் விரல் வைத்துக் காட்டிய இடங்களில் அவள் கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது இடத்தில் பேனா எழுதவில்லை. உதறினாள். காகித ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தாள். ஊழியர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுக்கப் போய், "பேனாதான் செல்லும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு இழுப்பறையைத் துழாவினார். இறந்தவருக்கு என்ன உறவு என்ற கட்டம் மட்டும் பாக்கியிருந்தது. தங்கை என்று எழுதினாள்.

"பதினோரு மணிக்கு டாக்டர் வந்துடுவார். ஒரு மணிக்குள்ள வாங்கிக்கலாம்."

வாங்கிக்கலாம் என்று அவர் சொன்னது எதை என்று உறைக்க அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

வெளியே நீள பெஞ்சில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். நேற்று காலை வீட்டிலிருந்து ஓடிவந்தபோது போட்டிருந்த அதே உடை. இடது கால் செருப்பில் வார் அறுந்து தொங்கியது. பக்கத்தில் அண்ணியின் அண்ணன். லாரி ஓட்டுகிறவர். செய்தி கேட்டதும் சரக்கைப் பாதி வழியில் வேறொரு ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டு விடியும்போது வந்து சேர்ந்திருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"தோள்ல கன்னிப்போயிருக்கு, பார்த்தியா?" என்றார் அவளிடம். உள்ளங்கையை விரித்து அளவு காட்டினார். "இவ்ளோ பெரிசு. நெஞ்சுவலின்னா தோள் எதுக்குக் கன்னணும்?"

"விழும்போது இரும்புல பட்டிருக்கும் மாமா."

"இரும்பு மேல இவர் பட்டாரா, இவர் மேல இரும்பு பட்டுச்சா? அதைச் சொல்லு முதல்ல."

அவள் தன் வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ பிடித்துத் திருகுவதுபோல அசைந்துகொண்டிருந்ததைக் கவனித்து, கையைப் பைக்குள் விட்டுக்கொண்டாள். பைக்குள் சாவி இருந்தது.

தொழிற்சாலையில் அண்ணன் விழுந்து கிடந்தது ஒரு கம்பிவலைக் கூண்டுக்குள். கூண்டுக்குள் ஓர் இயந்திரக் கை. வார்ப்படப் பிரிவிலிருந்து வரும் பம்பு உறையை அது தட்டிலிருந்து எடுக்கும், தாங்கியில் வைக்கும், துளை போட்டு முடிந்ததும் எடுத்து அந்தப் பக்கம் தள்ளும். கூண்டின் கதவைத் திறந்தால் கை அந்த இடத்திலேயே உறைந்து நின்றுவிடும். ஆனால் கதவு திறந்திருக்கும்போதே கை எப்படி ஓடுகிறது என்று கிட்ட நின்று பார்க்க வேண்டிய வேலையும் சில சமயம் வரும். அதற்கு ஒரு சாவி. அதைத் திருகிவிட்டால் கதவு திறந்தாலும் கை நிற்காது. வேலை முடிந்ததும் பழையபடி திருகி வைத்துவிட வேண்டும். எந்த நிலையில் இருந்தாலும் சாவியை உருவிக்கொள்ள முடியும் என்பது அந்தப் பூட்டின் கோளாறு. அதை மாற்றச் சொல்லி அவளே ஒருமுறை எழுதிக் கொடுத்திருந்தாள்.

முந்தாநாள் சாயங்காலம் ஷிப்டு முடிந்து ஆட்கள் போன பிறகு அவள் அந்தச் சாவியைப் போட்டுத் திருகினாள். கையின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தாள். திருப்தியாக இருந்தது. சாவியை உருவினாள். வீட்டுக்கு வந்தாள். திருப்பி வைத்தாளா?

திருப்பி வைத்தது ஞாபகம் இருந்தது. சாவி கடக்கென்று விழும் சத்தம்கூட ஞாபகம் இருந்தது. ஆனால் அது முந்தாநாளா, அதற்கு முந்தின நாளா? தினமும் செய்கிற காரியத்துக்குத் தேதி ஏது. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் நினைக்கிறவளைப் போல அவள் அந்தச் சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அது இன்னும் கொஞ்சம் மங்கிக்கொண்டே போனது.

நேற்று பத்தே முக்காலுக்கு அவள் மாடியில் கூட்ட அறையில் இருந்தாள். வெளியிலிருந்து வந்திருந்த ஏழெட்டுப் பேர் குளிர்பானப் பாட்டிலை மூடிகூடத் திறக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பளபளவென்று ஒரு படத்தைப் போட்டு, "இந்தப் பக்கம் வார்ப்பு போகுது, அந்தப் பக்கம் முடிஞ்ச பம்பு வருது. நடுவுல மனுஷக் கை படறதே இல்ல" என்று சொல்லி முடித்தபோதுதான் கைப்பேசி அதிர்ந்தது. பேக்கிங்கிலிருந்து. எடுக்காமல் கவிழ்த்து வைத்தாள். மறுபடி அதிர்ந்தது. மறுபடியும் கவிழ்த்தாள். மூன்றாவது தடவை கதவைத் தட்டாமலே ஒருவர் உள்ளே வந்துவிட்டார்.

"பாப்பா," என்றாள் அண்ணி. வீட்டில் எல்லாருக்கும் அவள் பாப்பாதான், முப்பத்து நான்கு வயதிலும். நேற்றிலிருந்து அண்ணி பேசிய பத்துப் பதினைந்து சொற்களில் இதுவும் ஒன்று. "அவர் உள்ள எதுக்குப் போனார்?"

"தெரியல அண்ணி."

"வெளியில நின்னு பார்த்துக்கற வேலைன்னுதானே சொன்னார். இத்தனை வருஷம் நின்னு நின்னு துளை போட்டேன், இப்ப மெஷின் போடுது, நான் மாமனார் மாதிரி கையைக் கட்டிக்கிட்டு நிக்கறேன்னார்."

மாமனார் என்று அண்ணன் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்த இயந்திரக் கைகளுக்கு ஆட்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. மூன்று கூண்டு, மூன்று மாப்பிள்ளை. அவருக்குத்தான் கூடத்தில் குளிர்சாதனம். அவருக்குத்தான் வேளாவேளைக்கு எண்ணெய். அவர் எதிரே உரக்கப் பேசக்கூடாது, தூசி பறக்கக்கூடாது, வெளிச்சம் கூடவும் கூடாது குறையவும் கூடாது. ஒன்று சரியில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லமாட்டார், முறுக்கிக்கொண்டு நின்றுவிடுவார். மாப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஓட வைக்கிறவள் என்பதால் அவளுக்கு டீச்சர் என்று பெயர். அண்ணனும் தொழிற்சாலைக்குள் அவளை அப்படித்தான் கூப்பிடுவான். எதைக் கேட்டாலும் "எல்லாம் லெவல்தான்" என்பதால் அவனுக்கு லெவல். பழைய கூடத்தில் துளை போட நாற்பது பேர் இருந்தார்கள். புது லைனுக்கு ஒன்பது பேர் போதும் என்று பட்டியல் போட்டபோது ஒன்பதில் ஒருவனாக லெவல் இருந்தான். டீச்சருடைய அண்ணன் என்பதால்தான் என்று சிலர் சொன்னார்கள். அது அவன் காதிலும் விழுந்திருந்தது.

கைப்பேசி அடித்தது. மேலாளர்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாது, மன்னிச்சுக்குங்கம்மா. பத்து மணிக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வர்றாங்க. கூண்டுக் கதவோட பதிவை எடுத்துக் கொடுக்கணுமாம். அது எங்க இருக்குன்னு இங்க யாருக்கும் தெரியல. உங்ககூட பயிற்சி எடுத்தவரு லீவுல ஊருக்குப் போயிருக்காரு. நீங்க சும்மா வழி மட்டும் சொன்னாக்கூடப் போதும்."

"நானே வரேன் சார்" என்றாள். சொல்லிவிட்ட பிறகுதான் எவ்வளவு அவசரமாகச் சொன்னோம் என்று உறைத்தது.

லாரிக்காரர் எழுந்தார். "இப்பக்கூட அந்த மெஷின்தானா உனக்கு? இங்க உன் அண்ணன் கிடக்கான்."

"ஒரு மணி நேரம் மாமா. வந்துடறேன்."

"மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்கறதோட நிறுத்திக்க. இன்னைக்கு அது உனக்குச் சொல்லிக்கொடுத்துடப் போகுது."

"விடுண்ணா" என்றாள் அண்ணி. பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "போயிட்டு வா. எதுக்குப் போனார்னு பார்த்துட்டு வா."

வாடகைக் காரில் பின் இருக்கையில் உட்கார்ந்து சாவியை வெளியே எடுத்துப் பார்த்தாள். சாதாரணச் சாவி. பீரோ சாவியைவிடச் சிறியது. திருப்பி வைக்கவில்லை என்றால் என்ன செய்வாய் என்று தன்னையே கேட்டாள். அண்ணியிடம் எந்த வாயால் சொல்வாய். அந்தக் குழந்தை, அண்ணன் மகள், பன்னிரண்டு வயது, பக்கத்து வீட்டில் விட்டுவந்திருக்கிறார்கள், அதன் முன்னால் எப்படி நிற்பாய். ஒரே வீட்டில்தானே இருக்கிறாய். ஒரே குளியலறை. ஒரே சோப்பு.

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "தண்ணி வேணுமாம்மா?" என்றார். வேண்டாம் என்று தலையசைத்தாள். தொழிற்சாலை வாசல் வந்ததும் எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து இறங்கப் போனாள். அவர்தான், "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்றார்.

லைன் நின்றிருந்தது. கூடத்தில் குளிர்சாதனம் மட்டும் ஓடியது. இரண்டாவது கூண்டைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை பாதி தூரம் வந்து, விரலில் ஒரு பம்பு உறையைப் பிடித்தபடி, நேற்றிலிருந்து அப்படியே நின்றுகொண்டிருந்தது. அவள் முதலில் பூட்டைத்தான் பார்த்தாள். சரியான நிலையில்தான் இருந்தது. அதனால் ஒன்றும் நிச்சயமில்லை. கூடப் பயிற்சி எடுத்தவருக்கும் ஒரு சாவி உண்டு, லீவில் போகும்போது அதைக் கூடத்தில்தான் விட்டுப்போவார். நேற்று அந்தக் களேபரத்தில் ஓடிவந்து அண்ணனை வெளியே இழுத்தவர்களில் யார் எதைத் திருகினார்களோ.

மேலாளர் அவளைத் திரை முன்னால் உட்கார வைத்தார். நல்ல மனிதர். நேற்று மருத்துவமனைக்கு வந்து இரண்டு மணி நேரம் நின்றிருந்தார். "நேத்து பத்தரை மணிப் பக்கம் மட்டும் போதும். நான் வாசல்ல போய் அவங்களைக் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் தனியாக இருந்தாள். கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தாள். பட்டியலின் அடியில், அதற்கும் அடியில், யாரும் திறக்காத ஒரு பக்கத்தில் கதவுப் பதிவு இருந்தது. அதைப் பார்க்கிற உரிமை அந்தக் கட்டடத்தில் இரண்டு பேருக்குத்தான். அழிக்கிற உரிமையும் அதே இரண்டு பேருக்குத்தான். அது இப்போது அவள் நினைப்பில் வந்து, போகாமல் நின்றது. ஒரு வரியை அழித்தால் எண் விட்டுப்போகும், தெரிந்துவிடும். முழுப் பக்கத்தையும் அழித்துவிட்டு நினைவகம் நிரம்பிவிட்டது என்று சொல்லலாம். நம்புவார்கள். இவ்வளவையும் யோசித்து முடித்த பிறகே அவள் பக்கத்தைத் திறந்தாள்.

முந்தாநாள். மாலை 6 மணி 4 நிமிடம் 37 நொடி. சாவி: இயல்பு நிலை.

திருப்பி வைத்திருக்கிறாள்.

வரியின் மேல் விரலை வைத்து மறுபடி படித்தாள். இடையில் எதையும் படிக்காமல் நேற்றைய கடைசி வரிகளுக்கு இறங்கினாள். நேற்று. காலை 10 மணி 38 நிமிடம் 12 நொடி. கதவு திறந்தது. அதே நொடியில் கை நின்றது. அதன் பிறகு ஓடவேயில்லை. இரும்பு அவன் மேல் படவில்லை. அவன்தான் இரும்பின் மேல் விழுந்திருக்கிறான்.

அவளுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். உடனே பசித்தது, நேற்று காலைக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை என்று வயிறு அப்போதுதான் சொன்னது. அண்ணன் பிணவறையில் கிடக்கும்போது தனக்கு இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறதே என்று நினைத்ததும் முகம் சுட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆய்வாளருக்குக் காட்ட வேண்டிய வரிகளைக் குறிக்கலாம் என்று பக்கத்தைச் சற்று மேலே தள்ளினாள்.

10.38க்கு மேலே 10.33 இருந்தது. கதவு திறந்தது, கை நின்றது, கதவு மூடியது, கை ஓடியது. முப்பத்தெட்டு நொடி. அதற்கு மேலே 10.29. முதல் கூண்டு. நாற்பத்தோரு நொடி. அதற்கு மேலே 10.24. மூன்றாவது கூண்டு. 10.20. 10.14.

அவள் மேலே தள்ளிக்கொண்டே போனாள். பக்கம் முடியவில்லை. ஷிப்டு ஆரம்பித்த ஆறு மணி வரைக்கும் அப்படித்தான் இருந்தது. முந்தின நாளும். அதற்கு முந்தின நாளும்.

நிழல் விழுந்து நிமிர்ந்தாள். பேக்கிங் அக்கா ஒரு தம்ளரில் தேநீருடன் நின்றிருந்தாள். லைனின் கடைசியில் பம்புகளைப் பெட்டியில் அடுக்குகிறவள். பழைய கூடத்தில் அண்ணனுக்குப் பக்கத்து இயந்திரம் அவளுடையது. நேற்று இரண்டு தடவை கைப்பேசியில் அழைத்தவளும் அவள்தான்.

"சூடா குடி டீச்சர். முகத்தைப் பாரு, பேயறைஞ்ச மாதிரி இருக்கு."

"அக்கா, அண்ணன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூண்டுக்குள்ள போவார்?"

"எண்ணிக்கிட்டா இருந்தோம்? இதுல நுழைஞ்சு அதுல வருவார். கால்ல சக்கரம்தான். ஒரு மூணு வாரமா. இந்தப் புது அச்சுல வார்ப்பு வர ஆரம்பிச்சதுலேர்ந்து." அக்கா தட்டிலிருந்து ஒரு பம்பு உறையை எடுத்து அதன் வாய் விளிம்பில் நகத்தை ஓட்டிக் காட்டினாள். "இங்க பாரு, ஒரு பிசிறு. கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தெரியும். இதோட மாப்பிள்ளை கொண்டுபோய் வச்சார்னா ஒரு நூல் சாஞ்சு உக்காரும். உடனே கேமரா முறைக்கும். அப்படியே விட்டா அவர் நின்னுடுவார். லெவல் உள்ள குனிஞ்சு போய், கையை விட்டு ஒரு தட்டு, உக்கார வச்சுட்டு வெளிய வந்து பட்டனை அமுக்குவார். அதுக்குள்ள அடுத்த மாப்பிள்ளைக்குக் கோபம் வந்திருக்கும்."

"என்னைக் கூப்பிடத்தான் ஒரு பட்டன் இருக்கே அக்கா."

"அதை அமுக்கினா உன் போர்டுல சிவப்பு விழுமாமே." அக்கா குரலைத் தணித்தாள். "நான் சொன்னேன். கூப்பிட்டுச் சொல்லு, அவ வந்து சரி பண்ணட்டும்னேன். 'ஒரு நிமிஷத்துக்குள்ள எடுத்துவிட்டுட்டா எதுவும் காட்டாது, நான் பார்த்து வச்சிருக்கேன்'னார். 'இது பாப்பாவோட லைன், நின்னுச்சுன்னா அவளைத்தான் கேப்பாங்க'ன்னார். போன வாரம் மூச்சு வாங்குது, கொஞ்சம் உக்காருன்னேன். எல்லாம் லெவல்தான்னுட்டார்."

அவள் தம்ளரைக் கையில் பிடித்தபடியே இருந்தாள்.

"உனக்குத் தெரியும்னுதான் நினைச்சோம்" என்றாள் அக்கா. "உன் மெஷின். உன்கிட்ட சொல்லாமலா இருக்கும்?"

போர்டு தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. நேற்று காலை வரைக்குமான ஓட்டம் தொண்ணூற்றெட்டு சதவீதம். கூட்ட அறையில் அவள் காட்டிய படத்திலும் அதே எண்தான். ஒரு நிமிடத்துக்குக் குறைந்த நிறுத்தங்களைக் கணக்கில் எடுக்காதே என்று போர்டுக்குச் சொல்லிவைத்தவள் அவள். தும்மினால்கூடச் சிவப்பு காட்டி மேலே இருக்கிறவர்களைப் பயமுறுத்த வேண்டாம் என்று அப்போது தோன்றியிருந்தது.

லைன் தொடங்கின புதிதில் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அண்ணன் கேட்டான்: "ஏன் டீச்சர், இது சரியா ஓடலைன்னா என்ன பண்ணுவாங்க?" அவள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, "என்னை வீட்டுக்கு அனுப்பிட்டு வேற டீச்சரை வைப்பாங்க" என்றாள். அண்ணி சிரித்தாள். அண்ணன் சிரித்தானா என்று அவள் பார்க்கவில்லை.

சமீபத்தில் அவள் வேலை முடித்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவன் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தான். வாய் லேசாகத் திறந்து, வலது கை மடியில் மல்லாந்து. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டான் என்று நினைத்து அதை அணைத்துவிட்டுப் போவாள்.

மேலாளர் ஆய்வாளரை அழைத்துவந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கூண்டைச் சுற்றிப் பார்க்கவும் அளக்கவும் போனார். மேலாளர் திரைக்குக் குனிந்தார். அந்த 10.38ஐப் பார்த்ததும் அவர் நெஞ்சிலிருந்து காற்று முழுவதும் வெளியே வந்தது.

"கதவு திறந்ததும் நின்னுருக்கு. தெய்வமே. இது போதும்மா. இந்த ஒரு வரியை மட்டும் அச்சடிச்சுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க. உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி."

"மேல பாருங்க சார்."

அவர் பார்த்தார். அவள் மூன்று வாரத்தையும் மெதுவாகத் தள்ளிக் காட்டினாள். அவர் நிமிர்ந்து கூண்டுப் பக்கம் பார்த்தார். ஆய்வாளர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"இதை அவங்க கேக்கலையே" என்றார் தாழ்ந்த குரலில்.

"கேக்கல சார்."

"இது உங்க லைன். இன்னும் ரெண்டு ஊர்ல இதே மாதிரி போடறதா முடிவாகியிருக்கு. நீங்கதான் போய்ப் போடணும்னு நேத்து வந்தவங்க சொல்லிட்டுப் போனாங்க. இந்தப் பக்கத்தைக் கொடுத்தீங்கன்னா முதல் கேள்வி உங்ககிட்டதான் வரும். நான் மிரட்டல, உங்க நல்லதுக்குச் சொல்றேன். அவர் தானா போயிருக்கார். யாரும் போகச் சொல்லல."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. யாரும் சொல்லாமல் தானாகப் போன ஒரு மனிதன், நெஞ்சடைத்து விழுந்தான். இயந்திரம் ஒழுங்காக நின்றது. இந்த ஒரு வரியோடு எல்லாம் முடிந்துவிடும். அவளும் தப்பிவிடுவாள். இரண்டு ஊர்களில் இன்னும் ஆறு கூண்டு எழும்பும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எவனோ ஒருவன் வேலை போய்விடக் கூடாதே என்று குனிந்து குனிந்து நுழைவான். அங்கேயும் போர்டு தொண்ணூற்றெட்டு காட்டும்.

அச்சு இயந்திரம் ஓட ஆரம்பித்தது. மேலாளர் தடுக்கவில்லை. தாள் தீர்ந்துபோய் நடுவில் ஒருமுறை நின்றது. பேக்கிங் அக்கா தாள் கட்டைப் பிரித்துக் கொண்டுவந்து வைத்தாள். மொத்தம் முப்பத்தாறு பக்கம். அவள் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டாள்.

ஆய்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் நாலைந்து பக்கங்களைப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசிப் பக்கத்தை எடுத்தார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

"இவ்வளவு தடவை நின்னுருக்கு. மேல இருக்கற அந்தப் போர்டுல ஏன் வரல?"

"ஒரு நிமிஷத்துக்குக் குறைஞ்சா வராது."

"யார் அப்படி வச்சது?"

கூடத்தில் குளிர்சாதனத்தின் இரைச்சல் கேட்டது. மேலாளர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்" என்றாள்.

ஆய்வாளர் அதை எழுதிக்கொண்டார். பிறகு, "இறந்தவர் உங்களுக்கு...?"

"அண்ணன்."

பேனா ஒரு கணம் நின்றது. அதையும் எழுதிக்கொண்டார்.

அவள் திரும்பி வந்தபோது பிணவறை வாசலில் வண்டி தயாராக நின்றது. மாரடைப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டிருந்தார். தோள் கன்றியது விழுந்ததில்தான் என்றும் சொல்லியிருந்தார். லாரிக்காரர் அவளைப் பார்த்து எதையோ சொல்ல வாயெடுத்துவிட்டு, "முன்னாடி ஏறிக்க, பின்னாடி வெயில்" என்று மட்டும் சொன்னார். வீட்டுப் படிக்கட்டு குறுகலாக இருந்ததால் ஒவ்வொரு திருப்பத்திலும் அண்ணனை நிமிர்த்திச் சாய்த்து ஏற்ற வேண்டியிருந்தது. தொழிற்சாலையிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். நாற்பதில் வேலை போன முப்பத்தொன்றிலும் பாதிப் பேராவது இருக்கும். அவளிடம் யாரும் பேசவில்லை. பேசக் கூடாது என்றில்லை. என்ன பேசுவது என்று தெரியாததுபோல இருந்தது. மூன்று மணிக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். ஐந்துக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

குழந்தை அழுது அழுது உள்ளறையில் தூங்கிவிட்டது. லாரிக்காரர் வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். அண்ணியைக் காணோம் என்று தேடிப்போனாள். பின்பக்க பால்கனியில் நின்றிருந்தாள்.

"அண்ணி."

"ம்."

"எதுக்குப் போனார்னு கேட்டீங்க."

அண்ணி திரும்பினாள். அவள் சொன்னாள். பிசிறைச் சொன்னாள், கேமராவைச் சொன்னாள், பட்டனைச் சொன்னாள். தன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தான் சொன்னதையும் சொன்னாள். போர்டுக்கு வந்ததும் நிறுத்தி, முதலிலிருந்து சொன்னாள். கீழே நாற்காலிகள் வண்டியில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

"எத்தனை தடவை?" என்றாள் அண்ணி.

"நேத்து காலையில மட்டும் ஐம்பத்தெட்டு."

அண்ணி தலையை ஆட்டிக்கொண்டாள். இவ்வளவு சாமானுக்கு இவ்வளவு என்று கடைக்காரர் சொல்லக் கேட்டுக்கொள்கிறவள்போல. பிறகு கொடியின் பக்கம் திரும்பினாள். மூன்று நாளுக்கு முன்பு துவைத்துப் போட்ட அண்ணனுடைய இரண்டு சீருடைச் சட்டைகள் விறைத்துப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தன. யாரும் எடுக்கவில்லை. அண்ணி ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்றினாள். ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு மற்றதைக் கைப்பிடிச் சுவரின் மேல் விரித்தாள்.

இடது கை சுத்தமாக வெளுத்திருந்தது. வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல் வரை கறுப்பாக, ஒரே அளவில், கோடு போட்டதுபோல எண்ணெய்க் கறை.

"இந்தக் கை மட்டும் போகவே மாட்டேங்குது" என்றாள் அண்ணி. "மூணு வாரமா. என்ன போட்டுத் தேய்ச்சாலும்."

சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினாள். காலரை நேராக்கினாள். இடது கையை மடித்தாள். வலது கையை, கறை வெளியே தெரியாமல், உள்பக்கமாக வைத்து மடித்தாள். பிறகு தோளில் கிடந்த இரண்டாவது சட்டையை எடுத்து, ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, மறுமுனையை அவளிடம் நீட்டினாள்.